சிவப்புச் சீட்டு கட்டிய மைக்ரோவேவ்

அந்தப் பெட்டியை வீட்டைவிட்டு ஒழித்தே தீருவது என்று சுந்தரேசன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றேகால் மணிக்கு. வாயில் சாம்பார் சாதம் இருந்தது. ஓரத்துச் சோறு நாக்கைச் சுட்டது. நடுவிலிருந்த சோற்றில் ஃப்ரிட்ஜின் குளிர் அப்படியே இருந்தது. முப்பத்தோரு வருஷம் பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து, எண்ணூறு பேருடைய கைகால்களைக் காப்பாற்றிய மனுஷன். சொந்த நாக்கைக் காப்பாற்றிக்கொள்ள வழி தெரியாமல் தண்ணீரைக் குடித்தார்.

பெட்டி என்றால் மைக்ரோவேவ். மல்லேஸ்வரத்து வீட்டின் சமையல் மேடையில், வருஷக்கணக்காகக் கிரைண்டர் இருந்த இடத்தில், ஆறு மாதமாக அதுதான் உட்கார்ந்திருந்தது. வாங்கி வந்தவள் அவர் மனைவி உஷா. ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பத்து நிமிஷ நடையில் பிரிஜெட் என்ற அம்மாள் நடத்தும் முதியோர் பகல் இல்லத்தில், காலை ஒன்பது முதல் நாலு வரை. வயசானவர்களுக்கு பிரஷர் பார்த்து எழுதுவது, கேரம் போர்டு எடுத்து வைப்பது, மதியம் சாப்பாடு கொடுப்பது, அவர்கள் பேசினால் கேட்பது. இதுதான் வேலை. "உனக்கெல்லாம் யார் வேலை குடுப்பா?" என்று சுந்தரேசன் சிரித்து முடிப்பதற்குள் பிரிஜெட் கொடுத்துவிட்டாள். முதல் சம்பளத்தில் பெட்டி வந்து இறங்கியது.

பெட்டியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள் உஷா. எவர்சில்வர் பாத்திரம் உள்ளே வைக்கக் கூடாது. டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கவும். காலியாக ஓட்டக் கூடாது. ஒரு நிமிஷம் வைத்து, வெளியே எடுத்துக் கிளறி, மறுபடி ஒரு நிமிஷம். சுந்தரேசன் எல்லாவற்றையும் கடைப்பிடித்தார், கிளறுவதைத் தவிர. கிளறுவதெல்லாம் ஆம்பிளை செய்கிற வேலையா என்பது அவர் கட்சி. அதனால் ஓரம் நெருப்பு, நடுவில் ஐஸ்.

வாக்கிங் போகிற இடத்தில் கேட்டவர்களிடமெல்லாம், மறுபடி சூடு பண்ணின சோற்றில் சத்து இருக்காது என்று சொல்லி வைத்திருந்தார். அது பொய். சத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. வேலைக்குப் போன காலம் முழுக்க காலை ஏழுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்பியவர். ரிட்டயர் ஆனதும் மதியம் ஒரு மணிக்கு உஷா எதிரில் உட்கார்ந்திருப்பாள், அவள் பரிமாறப் பரிமாறத் தான் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். கிரேன் கம்பி அறுந்த கதை, பாய்லர் பக்கத்தில் பீடி குடித்தவனைப் பிடித்த கதை, டைரக்டரையே கேட்டுக்கு வெளியே நிறுத்திய கதை, எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அவர் வீட்டுக்குள் வந்தார். அவள் வெளியே போய்விட்டாள்.

எதற்கு இந்த வேலை என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த உஷா தலை நிமிரவில்லை.

"முப்பத்தோரு வருஷம் நீங்க போனீங்க. எதுக்குன்னு நான் கேட்டேனா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேலையை நிறுத்த முடியாது. பெட்டியை நிறுத்தலாம். பெட்டி செத்துப்போனால், புருஷனுக்குச் சுடச்சுடப் போட அவள் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்? பத்து நிமிஷ நடைதானே? திட்டம் அவ்வளவுதான். பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை, பெரிய மூளை இருப்பதாக நினைப்பு இருந்தால் போதுமாக இருந்தது.

ஒரு எவர்சில்வர் டம்ளரை உள்ளே வைத்து ஓட்டியிருந்தால் பொறி பறந்து பெட்டி அன்றைக்கே போயிருக்கும். கை வரவில்லை. என்ன இருந்தாலும் சேஃப்டி மனுஷன். ஆகவே கையேட்டை எடுத்து, கண்ணாடி போட்டு, நாற்பது பக்கமும் அடிக்கோடிட்டுப் படித்தார். மாற்று உதிரி பாகங்கள் என்ற பக்கத்தில் வழி கிடைத்தது. உள்ளே சுற்றுகிற கண்ணாடித் தட்டு. அதன் கீழே சின்னச் சக்கரங்கள் வைத்த வளையம். அதற்கும் கீழே, நடுவில், தட்டைச் சுற்றவைக்கிற மூன்று காது வைத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதற்குப் பெயர் கப்ளர். பெருவிரல் அளவுகூட இல்லை. அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தட்டு நின்றுவிட்டது.

அடுத்து அலமாரியிலிருந்து சிவப்புச் சீட்டுக் கட்டை எடுத்தார். தொழிற்சாலையில் ஒரு மிஷின் பழுதானால் அதன் சுவிட்சில் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். என்ன பழுது, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கட்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கட்டினவன்தான் அவிழ்க்கலாம். வேறு யாரும், முதலாளியே வந்தாலும், தொடக்கூடாது. கை போன பிறகு மன்னிப்புக் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்பதால் வந்த சட்டம். பிரிவு உபசாரத்தன்று கொடுத்த சால்வையோடும் சுவர்க்கடிகாரத்தோடும் ஒரு கட்டுச் சீட்டையும் சுந்தரேசன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். அதில் ஒன்றை எழுதி, பெட்டியின் கைப்பிடியில் கட்டினார்.

சாயங்காலம் உஷா வந்து சீட்டைப் படித்தாள். தட்டு சுற்றாவிட்டால் என்ன, பாதியில் நிறுத்திக் கையால் திருப்பி வைத்துவிடுங்கள் என்றாள். சுந்தரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பெடுத்தார். தட்டு நின்றால் அலை ஒரே இடத்தில் அடிக்கும், ஒரு பக்கம் கொதிக்கும், இன்னொரு பக்கம் பச்சையாக இருக்கும், கிருமி சாகாது, வயிறு கெடும். அவர் ஆறு மாதமாகச் சாப்பிட்டு வந்தது அதைத்தான் என்பது உஷாவுக்குத் தெரியும்.

"அப்போ பார்ட் வாங்கி மாட்டுங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது, அதானே?"

"தொடக்கூடாது. கட்டினவன்தான் அவிழ்க்கணும்."

"சரி, ஆய்த்து" என்று கன்னடத்தில் பேச்சை முடித்துவிட்டு உஷா உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் குடையோடு கிளம்பினார், பார்ட் தேட எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போவதாகச் சொல்லி. சாங்கி ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு காபி குடித்து, வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கடைகடையாக ஏறி இறங்கியதாகவும், மாடல் பழசு, பார்ட் வருவதில்லை என்று எல்லாரும் கையை விரித்துவிட்டதாகவும் சொன்னார். வாங்கி ஆறு மாதம்தானே ஆகிறது, அதற்குள் பழசா என்றாள் உஷா. இந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்றார். போனில் ஆர்டர் போடட்டுமா என்றாள். போனில் வருவதெல்லாம் டூப்ளிகேட், அளவு ஒரு மயிரிழை தப்பினாலும் உருகிவிடும் என்றார். இவ்வளவையும் அந்தக் கப்ளர் அவர் நெஞ்சுக்கு மேலே, சட்டைப்பையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

திட்டம் பலித்தது. அன்று முதல் ஒரு மணிக்கு உஷா வந்தாள். புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு நாள். வேகவேகமாக நடந்து வந்து, குக்கரை இறக்கி, ஆவி பறக்கிற சோற்றைத் தட்டில் போட்டு, நின்றபடியே ரசத்தைக் கலக்குவாள். "உக்காரேன்" என்பார் சுந்தரேசன். நாற்காலி நுனியில் உட்காருவாள். கையில் போன், கண்ணில் கடிகாரம். கிரேன் கம்பி அறுந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். "ம்" என்றாள். கம்பி அறுந்து விழுகிற கட்டத்தில், "மோர் ஊத்தவா?" என்றாள். ஒன்று முப்பத்தைந்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். தான் சாப்பிடவில்லை என்பதை அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்த "ம்" ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. கேவலம்தான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி வந்தார். வீட்டில் காபி வாசனை இல்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்பு. கேஸ் ட்யூபில் ஒரு சீட்டு. குக்கரில் ஒன்று. மிக்ஸியில் ஒன்று. சுடுதண்ணீர் போடும் கெட்டிலில் ஒன்று. எல்லாம் அவருடைய சீட்டுக் கட்டிலிருந்து எடுத்தவை. பழுது, தேதி, மணி, கையெழுத்து, ஒரு குறை சொல்ல முடியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், முதலில் அவருக்குத் தோன்றியது, பரவாயில்லையே, நம் ஆட்களைவிட ஒழுங்காக எழுதியிருக்கிறாளே என்பதுதான்.

"என்ன உஷா இது?"

"நீங்க சொன்னதுதான். பழுதுன்னா சீட்டு."

"கேஸ் ட்யூப்ல என்ன பழுது?"

"குனிஞ்சு தேதியைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். மாற்றவேண்டிய வருஷம் ட்யூபிலேயே அச்சடித்திருந்தது. அது போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குக்கர் கேஸ்கெட்டில் கோடு கோடாக வெடிப்பு. மூடியிலிருந்த சேஃப்டி வால்வு வாங்கின நாளிலிருந்து மாற்றாதது. மிக்ஸி ஒயரில் கறுப்பு டேப். அதை ஒட்டியவர் அவரேதான், நாளைக்கு மாற்றலாம் என்று சொல்லி, ஏழு வருஷத்துக்கு முன்னால். கெட்டில் பிளக்கின் ஒரு கால் கருகியிருந்தது.

"சொல்லியிருக்கலாமே நீ."

"நாலு தடவை சொன்னேன். பாக்கலாம்னீங்க." உஷா குரலை உயர்த்தவில்லை. "எண்ணூறு பேருக்குச் சீட்டு கட்டினீங்க. இந்த ட்யூப் பக்கத்துல நின்னவ நான் ஒருத்தி. எனக்கு ஒரு சீட்டு கட்டணும்னு உங்களுக்குத் தோணவே இல்லை, இல்லையா?"

சுந்தரேசன் குனிந்து ட்யூபின் தேதியை இன்னொரு தடவை பார்த்தார். இருந்தாலும் பசிக்கிற வயிறு பேசாமல் இருக்குமா? கை தானாகக் கேஸ் ட்யூபின் சீட்டுப் பக்கம் போயிற்று. கட்டினவர்கள்தான் அவிழ்க்கவேண்டும் என்று ஞாபகப்படுத்தினாள் உஷா. கை திரும்பி வந்தது. முப்பத்தோரு வருஷத்துச் சட்டத்தை ஒரு டம்ளர் காபிக்காக மீற அவரால் முடியவில்லை. எப்போது சரியாகும் என்று கேட்டார். கேஸ்காரர் பத்து நாள் ஆகும் என்றாராம். கேஸ்கெட் மாடல் பழசாம், வருவதில்லையாம். அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது அவருக்கு.

வேறு வழியில்லை. மைக்ரோவேவையாவது உயிர்ப்பித்தால் ஒரு டம்ளர் பாலைச் சுடவைக்கலாம்.

"உஷா, அந்தப் பார்ட்... நேத்து ஒரு கடையில கிடைச்சுது. சொல்ல மறந்துட்டேன்" என்று பையில் கை விட்டார். பை காலி. அன்றைக்குப் போட்டிருந்தது வேறு சட்டை.

உஷா கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து கப்ளரை எடுத்து மேடையில் வைத்தாள். "வியாழக்கிழமை துணி ஊற வெக்கறப்போ உங்க நீலச் சட்டையில இருந்துது. ஒரிஜினல்தானே? மயிரிழை தப்பலையே?"

சொந்த உடம்பிலேயே வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார் மனுஷன். ஊறப்போடுவதற்கு முன்னால் ஒருத்தி ஒவ்வொரு பையாகக் கைவிட்டுப் பார்க்கிறாள் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவருக்குத் தெரியாது. காது மடல் சூடேறிப்போய் நின்றார்.

உஷா திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. மாட்டச் சொன்னாள், மாட்டினார். அவிழ்க்கச் சொன்னாள், அவிழ்த்தார். பழுது நீங்கியது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். காலியாக ஓட்டக்கூடாது என்பதால் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தார். தட்டு சுற்றியது. போகட்டும், இனி கிளறியே தின்போம் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது உஷா பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றினாள்.

பகல் இல்லத்து மைக்ரோவேவை, யாரோ ஒரு பெரியவர் எவர்சில்வர் டம்ளர் வைத்துப் புகையவிட்டுக் கெடுத்துவிட்டாராம். பதினோரு மணிக்குக் கேட்டரிங்கில் கிளம்புகிற சாப்பாடு இந்த டிராஃபிக்கில் வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறதாம். இருபத்தாறு பேரும் பத்து நாளாக ஜில்லென்று சாப்பிடுகிறார்களாம். திங்கட்கிழமை பெட்டியோடு வருகிறேன் என்று வியாழக்கிழமையே பிரிஜெட் மேடத்திடம் சொல்லிவிட்டாளாம்.

"அப்போ எனக்கு?"

"நீங்களும் வந்துடுங்க. மதியம் சுடச்சுடச் சாப்பாடு. நானும் அங்கதானே இருக்கேன்."

கடைசி வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் சுந்தரேசன் காதில் விழவில்லை. அவள் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். நாற்பது பக்கக் கையேட்டை அடிக்கோடிட்டுப் படித்தவர், ஒரு பக்க ஃபாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெண்டாட்டி நீட்டுகிற காகிதத்தை யார் படிக்கிறார்கள்?

திங்கட்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கிட்டத்தட்ட மாப்பிள்ளைக் களை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த முத்தம்மா ஒதுங்கி வழி விட்டாள். பிரிஜெட் வாசலிலேயே கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வாங்க சார், வாங்க. உஷா எல்லாம் சொன்னாங்க. சேஃப்டி தெரிஞ்ச ஆள் இல்லாம இனி இந்த மிஷினை யார் கையிலயும் தர்றதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம்." பேசிக்கொண்டே ஒரு ஏப்ரனை அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் சுவரில் ஒட்டியிருந்தது. அப்போதுதான் படித்தார். தன்னார்வத் தொண்டர், உணவு சூடாக்கும் பிரிவு, வாரம் ஆறு நாள்.

இருபத்தாறு டப்பா. ஒவ்வொன்றையும் மூடியைத் திறந்து, ஒரு நிமிஷம் வைத்து, எடுத்துக் கிளறி, மறுபடி ஒரு நிமிஷம். கிளறினார். சாம்பார் சாதத்தைக் கிளறினார், பிசிபேளாபாத்தைக் கிளறினார், ஒரு அம்மாளுக்கு ஓட்ஸ் கஞ்சியைக் கிளறினார். ஒருவர் சூடு போதவில்லை என்று திருப்பி அனுப்பினார். இன்னொருவர் நாக்கு வெந்துவிட்டது என்று கத்தினார். எவர்சில்வர் கிண்ணத்தோடு வந்த பெரியவரை மடக்கி, அலை, பொறி, தீ என்று ஆரம்பித்தார். பெரியவர் காதில் மிஷின் இல்லை, அது வீட்டிலேயே இருந்தது.

நடுவில் நிமிர்ந்து உஷாவைப் பார்த்தார். ஜன்னலோரம் ஒரு ரிட்டயர்டு ரயில்வே டிரைவருக்கு எதிரில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, கன்னத்தில் கை வைத்து. போன் எங்கேயும் காணோம். அரசிகெரே பக்கத்தில் மழையில் எஞ்சின் நின்றுபோன கதையைப் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். "அய்யய்யோ, அப்புறம்?" என்று கேட்டாள் உஷா. சுந்தரேசனின் கையிலிருந்த கரண்டி நின்றது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு "அப்புறம்?" அவருக்குக் கிடைத்ததில்லை. கிடைக்கும்படி தான் என்றைக்காவது வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறோமா என்று யோசித்தார். பெட்டி பீப் பீப் என்று கூப்பிட்டது. அடுத்த டப்பாவை எடுத்துக் கிளறினார்.

கடைசி டப்பாவைச் சூடாக்கித் தன் டப்பாவோடு அவர் மேஜைக்கு வந்தபோது மணி இரண்டு. ஹால் காலி. பெரியவர்களெல்லாம் உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார்கள். மூடியைத் திறந்தார், ஆவி வந்தது. அப்போது உஷா வந்தாள். ஏப்ரன் போட்ட புருஷனை ஒரு கணம் பார்த்தாள். அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்தாள். சுந்தரேசனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஒரு வாய்ச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, "உஷா, அன்னைக்கு அந்தக் கிரேன் கம்பி அறுந்துதுன்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தார்.

உஷா நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். "சார், காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்க. முத்தம்மா பெருக்கணும்."